1968க்கு நேரே நீங்கள் எழுதிய வரி: சுந்தரலிங்கம் நினைவு மலர்க் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மலர்க் குழுத் தலைவர் ஐயாவுக்கும் குழுவினருக்கும்,

கணிதப் பேராசிரியராகவும் மந்திரியாகவும் இருந்த செல்லப்பா சுந்தரலிங்கம் பிறந்து 130 ஆண்டு ஆனதை ஒட்டி நீங்கள் வெளியிட்ட மலரில் என் கட்டுரையும் இருக்கிறது. நான் எழுதித் தந்தது கையெழுத்தில் ஒன்பது பக்கம். அச்சில் அதன் கடைசி மூன்று பக்கங்கள் இல்லை. மாவிட்டபுரம் கோயிலின் பெயர் வரும் பந்தி எல்லாம் எடுபட்டு, கட்டுரை 1960ஆம் ஆண்டுத் தேர்தலோடு சட்டென்று நின்றுவிடுகிறது. என்னிடம் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை.

பக்கம் போதாமல் போயிருக்கும் என்று அதை விட்டிருப்பேன். ஆனால் மலரின் கடைசியில் போட்டிருக்கும் வாழ்க்கைக் குறிப்பில் 1968க்கு நேரே இப்படி ஒரு வரி இருக்கிறது: "சைவ ஆலய மரபைக் காத்து நின்றார்." ஐந்தே சொல். அதற்கு இரண்டு தாள் முன்னால் என் பெயர். அந்த வரிக்கு நானும் கையொப்பம் வைத்த மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் இதை உங்களுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் வாசிக்க எழுதுகிறேன்.

தொலைபேசியில் கேட்டபோது குழுவில் ஒருவர் சொன்னது: "மாஸ்டர், அது பழைய கதை. இப்ப அதைக் கிளறி என்ன வரப்போகுது? மலர் எண்டால் நல்லதைத்தானே போட வேணும்." சொன்னவர் நல்ல மனிதர், எனக்குப் பல வருடப் பழக்கம். கோபத்தில் சொல்லவில்லை என்பதும் தெரியும். ஆனால் யாருக்குப் பழைய கதை என்று நான் கேட்டே ஆகவேண்டும்.

சுந்தரலிங்கம் மேல் எனக்குப் பகை இல்லை. சொல்லப்போனால், நான் கணித ஆசிரியன் ஆனதில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எட்டாம் வகுப்பில் எங்களுக்குக் கணக்குப் படிப்பித்தவர் அவருடைய கதையைச் சொல்லாமல் ஒரு தவணையும் முடிக்கமாட்டார். உரும்பிராயில் பிறந்த பெடியன் ஒக்ஸ்ஃபோர்ட் பலியோல் கல்லூரி வரை போனது, சிவில் சேவை உத்தியோகத்தை உதறிவிட்டுக் கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் படிப்பிக்க வந்தது, பிறகு இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியர் ஆனது. கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டு, "இது சுந்தரலிங்கத்தாருக்கு அரை நிமிசம்" என்பார். நான் அந்த அரை நிமிடத்துக்காக இரவு முழுக்கக் குப்பி விளக்கில் இருந்திருக்கிறேன். அதனால் நீங்கள் கட்டுரை கேட்டபோது சந்தோசமாகவே எழுதினேன். முதல் ஆறு பக்கத்தில் அவரைப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறேன். அதை நீங்கள் ஒரு எழுத்தும் குறைக்காமல் போட்டிருக்கிறீர்கள்.

உங்கள் தலையங்கம் அவரைக் "கொள்கை மாறாத அடங்காத் தமிழன்" என்கிறது. அடங்காத் தமிழன் என்பது சனம் அவருக்கு வைத்த பெயர், அதில் எனக்கு மறுப்பில்லை. கொள்கை மாறாத என்பதுதான் உண்மைக்குப் பொருந்தவில்லை. அவரைப் போலக் கொள்கை மாறிய இன்னொரு தலைவரை நம் அரசியலில் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

1936ஐ எடுங்கள். அரசாங்க சபையில் ஏழு நிர்வாகக் குழுக்கள். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிவு செய்யும், அந்தத் தலைவர்தான் மந்திரி. உறுப்பினர்களை எந்தக் குழுவில் எத்தனை பேர் என்று கணக்காகப் பிரித்து வைத்தால் ஏழு மந்திரியும் சிங்களவராகவே வரலாம். அப்படியே வந்தது. அந்தத் தனிச் சிங்கள மந்திரிசபைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் பேராசிரியர் சுந்தரலிங்கம் என்பது அந்தக் காலத்திலிருந்து சொல்லப்பட்டு வருவது. உங்கள் மலரில் 1936 என்ற ஆண்டே இல்லை.

1947இல் வவுனியாவில் சுயேச்சையாக வென்று டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரிசபையில் வர்த்தக மந்திரி ஆனார். அடுத்த வருடமே, மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டங்களின் விவகாரத்தில் பதவியை விட்டு வெளியே வந்தார். மந்திரிப் பதவியை அப்படி விட்டுவிட்டு வர எத்தனை பேருக்கு மனம் வரும்? என் கட்டுரையில் இந்த இடத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினேன், இப்போதும் ஒதுக்குவேன். 1950களில் மூன்று மாதம் சபைக்கே போகாமல் விட்டு ஆசனத்தை இழப்பார், இடைத்தேர்தலில் அதே வவுனியாவில் நின்று திரும்ப வெல்வார். 1959இல் ஈழத் தமிழர் ஒற்றுமை முன்னணி என்று தனிக் கட்சி தொடங்கி, தனிநாடு வேண்டும் என்றார். தமிழரசுக் கட்சி சமஷ்டிக்கு, அதாவது கூட்டாட்சிக்கு, மேலே ஒரு அடி வைக்காத காலம் அது. 1960இல் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். ஈழம் என்ற பெயரை ஆங்கிலத்தில் தனக்கென்று ஒரு எழுத்துக்கூட்டலில் எழுதிக்கொண்டு, 1967இல் பன்னிரண்டு ஆவணங்களைத் தொகுத்து ஒரு நூலும் போட்டார். அன்றைக்கு அவர் பேச்சைக் காதில் போட்டவர்கள் கொஞ்சப் பேர்தான். 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுத் தீர்மானம் எடுத்த பிறகுதான் "அந்த மனிசன் அப்பவே சொன்னவர்" என்ற கதை வந்தது. நீங்கள் அவரை முன்னோடி என்பது அந்தக் கணக்கில்தான். சரி, அது உங்கள் உரிமை.

ஆனால் 1959க்கும் 1976க்கும் நடுவில் 1968 இருக்கிறது.

மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலின் கதை உங்களுக்குத் தெரியாதது இல்லை. குதிரை முகத்தோடு பிறந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தத்தில் குளித்து முகம் மாறினாள், அந்த நன்றியில் எழுந்த கோயில், மா என்றால் குதிரை, குதிரை முகம் விட்ட ஊர் மாவிட்டபுரம். பார்த்தவர் முகம் சுளிக்கும் ஒரு பெண்ணுக்கு முருகன் இடம் கொடுத்த ஊர் என்றுதான் என் அம்மா இந்தக் கதையைச் சொல்லுவா.

நல்லூர் போன்ற பெரிய கோயில்கள் 1950களிலேயே ஒடுக்கப்பட்ட சாதிச் சனத்துக்குக் கதவைத் திறந்துவிட்டன. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்து, சாதியைச் சொல்லி ஒருவரைக் கோயிலிலோ தேத்தண்ணிக் கடையிலோ மறிப்பது குற்றம் என்றானது. சட்டம் கடதாசியில் இருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு "சாதி அமைப்புத் தகரட்டும், சமத்துவ நீதி ஓங்கட்டும்" என்று ஊர்வலம் போனவர்கள் பொலிசாரிடம் அடி வாங்கினார்கள். அடுத்த வருடம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. 1968இல் திருவிழாக் காலத்தில் அந்தச் சனம் மாவிட்டபுரத்துக்குப் போனது, உள்ளே போய்க் கும்பிட வேண்டும் என்று. ஆயுதத்தோடு போகவில்லை. வாசலில் இருந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். அவர்களை உள்ளே விடாமல் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வாசலில் நின்று மறித்தவர் சுந்தரலிங்கம். வயது 72. ஒக்ஸ்ஃபோர்ட் படிப்பும் மந்திரி அனுபவமும் ஈழக் கொள்கையும் உள்ள மனிதர், ஒரு கோயில் வாசலில் சொந்தத் தமிழரை மறித்து நின்றார். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர் மேல் வழக்கு வந்தது. அவர் அதை அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை கொண்டுபோனார், 1971இல் அங்கே தீர்ப்புச் சொன்னார்கள். இது ஊர்வாய்க் கதை இல்லை. சட்டப் புத்தகத்தில் அவர் பெயரோடு இருக்கிற வழக்கு.

அந்த நாட்களில் எனக்கு 13 வயது. அப்பா கள்ளுச் சீவும் தொழிலாளி. விடியத் தொழிலை முடித்துவிட்டு, மதியத்துக்கு முன்னே மாவிட்டபுரத்துக்குப் போய்விடுவார். இரவு படலை திறக்கும் சத்தம் கேட்டால் அம்மா விளக்கைத் தூக்கிக்கொண்டு போய் முதலில் அவருடைய தலையையும் கையையும் தடவிப் பார்ப்பா. பிறகுதான் சாப்பாடு. அப்பாவுக்கு எழுத வராது. என் கணக்குக் கொப்பியின் பின் மட்டையில், போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு போட்டு வைத்தார். நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. நான் சொல்லிக் கொடுத்த முறை அது. கொப்பியைப் பள்ளிக்கூடம் கொண்டுபோனபோது கணக்கு வாத்தியார் திருத்துவதற்காகத் திருப்பினார், பின் மட்டையைப் பார்த்தார். "இதென்ன?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் கனநேரம் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கொப்பியை மூடித் தந்துவிட்டு, சோக்கட்டியை என் கையில் வைத்து, பலகையில் இருந்த கணக்கைச் செய்யச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வருடம் வகுப்பில் சுந்தரலிங்கத்தாரின் பெயர் வரவில்லை.

அந்தக் கொப்பி 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் போய்விட்டது. எத்தனை கோடு என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது. இருபதுக்கு மேல் என்பது மட்டும் நிச்சயம்.

அம்மா மாவிட்டபுரத்துக்குப் போகவில்லை. அவவுக்குக் கோயில் என்றால் எங்கள் ஊர்க் கோயில்தான். அதன் தேர்முட்டிக்கு இப்பால் ஒரு புளியமரம், அதன் அடியில் ஒரு கல். கல்லில் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்துவிட்டு மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பா. எந்த மணிக்கு எந்தப் பூசை, எப்போது திரை விலகும், எப்போது தீபம் காட்டுவார்கள் என்பதெல்லாம் சத்தத்திலேயே அவவுக்குத் தெரியும். பல வருடம் கழித்து அந்தக் கோயிலும் எங்களுக்குத் திறந்தபோது நான்தான் அம்மாவைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். வாசற்படி தாண்டியதும் நின்றுவிட்டா. காதில் மெதுவாகக் கேட்டா: "மோனை, பிள்ளையார் எந்தப் பக்கம்?" பிறந்ததிலிருந்து கும்பிட்ட கோயில். பிள்ளையார் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பது அவவுக்குத் தெரியாது.

நீங்கள் எடுத்துவிட்ட எட்டாம் பக்கத்தில் இதைத்தான் எழுதியிருந்தேன்.

1948ஐயும் 1968ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்பதுதான் அந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது. எந்த மலையகச் சனத்தின் உரிமை விவகாரத்தில் அவர் மந்திரிப் பதவியை விட்டாரோ, அந்தச் சனத்தில் பெரும்பகுதி தமிழ்நாட்டின் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள். அவர்களில் ஒருவர் 1968இல் மாவிட்டபுரத்துக்குக் கும்பிட வந்திருந்தால் அதே சுந்தரலிங்கம் அவரையும் வாசலில் மறித்திருப்பார். பாராளுமன்றத்தில் தமிழர் என்று எண்ணும்போது அவர்கள் கணக்கில் வந்தார்கள். கோயில் வாசலில் அவர்களைக் கழித்துவிட்டார். நாற்பது வருடம் கணக்குப் படிப்பித்தவன் நான். ஒரே தொகையை ஒரு வரியில் கூட்டி அடுத்த வரியில் கழித்துவிட்டு, விடை சரி என்று ஒரு மாணவன் கொப்பியைக் கொண்டுவந்தால் நான் சரி போடமாட்டேன். அந்த மாணவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் போடமாட்டேன்.

அவர் மாறவே இல்லை, சாதி விசயத்தில் தொடக்கத்திலிருந்தே அந்த நிலைதான், மற்றதெல்லாம் மேலே போட்ட சால்வை என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், 1970இல் அவர் காங்கேசன்துறையில் தமிழரசுக் கட்சியின் செல்வநாயகத்தை எதிர்த்துப் போட்டியிட்டதைச் சொல்லி, மாவிட்டபுரமும் அந்தத் தொகுதிக்குள்தானே, அந்த வாசலில் நின்றதே வாக்குக்குத்தான் என்பவர்களும் உண்டு. போட்டியிட்டார், தோற்றார். என் எண்ணம் என்னவென்றால், அவருக்குத் தனியாக நிற்பது ஒரு பழக்கமாகிவிட்டது. எல்லோரும் ஒரு பக்கம் போனால் தான் மற்றப் பக்கம். 1948இலும் 1959இலும் அந்தப் பழக்கம் அவரை நல்ல இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. 1968இல் அதே பழக்கம் என் அப்பாவுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தியது. நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம். அதை மலரில் யாராவது மறுத்து எழுதியிருந்தால் சந்தோசமாக வாசித்திருப்பேன். ஒரு மனிதரின் அரசியல் ஏன் இப்படித் திரும்பித் திரும்பி நடந்தது என்று பேசுவதற்குத்தானே மலர் போடுகிறோம்?

இப்போது இதை எழுத வைத்த உடனடிக் காரணத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் நீங்கள் பாடசாலைகளுக்கிடையில் நடத்தப்போகும் பேச்சுப் போட்டிக்கு இந்த மலரைத்தான் ஆதார நூலாகக் கொடுத்திருக்கிறீர்கள். போன கிழமை பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பின்னேரம் என்னிடம் கணக்குக் கேட்க வருபவள், மலரைக் கொண்டுவந்தாள். போட்டியில் பேசப்போகிறாள். 1968க்கு நேரே பென்சிலால் கோடு போட்டிருந்தாள். "சேர், காத்து நின்றார் எண்டு போட்டிருக்கு. ஆரிட்டையிருந்து காத்தவர்?" என்று கேட்டாள்.

அவளுடைய பேரன், அதாவது அவள் தாத்தா, என் அப்பாவோடு மாவிட்டபுர வீதியில் இருந்தவர். அது அவளுக்குத் தெரியாது. வீட்டில் யாரும் சொல்லவில்லை. நம் ஊரில் இதெல்லாம் சொல்லப்படுவதில்லை. எங்கள் ஆட்கள் வெட்கத்தில் சொல்வதில்லை, மற்ற ஆட்கள் வேறொரு வெட்கத்தில் சொல்வதில்லை. 1990இல் அந்தப் பக்கம் முழுவதும் உயர் பாதுகாப்பு வலயமாகி எல்லாச் சாதியும் ஒன்றாக அகதி ஆன பிறகு, இனி இதைப் பேசக் கூடாது என்று ஒரு எண்ணமும் வந்தது. அந்த மௌனத்துக்குள்தான் உங்கள் ஐந்து சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவளுக்கு நான் பதில் சொன்னேன். "உன்ரை பேரனிட்டையிருந்து" என்றேன். அவள் பென்சிலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அன்று கணக்கு நடக்கவில்லை.

ஐயா, குழுவினரே, நான் கேட்பது இவைதான்.

வாழ்க்கைக் குறிப்பில் 1968க்கு நேரே உள்ள வரியை நீக்குங்கள். அந்த இடத்தில், "மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் நுழைவதைத் தடுத்து நின்றார். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது" என்று போடுங்கள். பாராட்டோ கண்டனமோ வேண்டாம், நடந்தது மட்டும் போதும். கையில் இருக்கும் பிரதிகளில் ஒரு திருத்தத் தாளை ஒட்டுங்கள். ஏற்கனவே நூலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் போன பிரதிகளுக்கும் அதை அனுப்பிவையுங்கள்.

போட்டித் திகதிக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பிறகு செய்தால் பிள்ளைகளுக்குப் பயன் இல்லை. 1968ஐப் பற்றிப் பேசும் பிள்ளைக்குப் புள்ளி குறைக்கக் கூடாது என்று நடுவர்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

என் கட்டுரையை ஒன்பது பக்கமும் போடுங்கள். அது முடியாது என்றால், ஆறு பக்கத்தையும் எடுத்துவிட்டு என் பெயரையும் எடுத்துவிடுங்கள். பாதிக் கட்டுரைக்கு நான் பொறுப்பு ஏற்கமாட்டேன்.

இரண்டாம் பதிப்பு வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன், மாவிட்டபுரத்தில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களில் உயிரோடு இருப்பவர்களைப் போய்ப் பாருங்கள். எல்லோருக்கும் எண்பதுக்கு மேல். சிலருக்கு ஞாபகம் தப்பத் தொடங்கிவிட்டது. ஒலிப்பதிவுக் கருவியோடு நானே உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன், வாகனச் செலவும் என்னுடையது. அந்த வாசலில் மறித்து நின்ற பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் பேச முன்வந்தால் அவர்களையும் கேட்டுப் பதியுங்கள்.

கடைசியாக ஒன்று. நான் தந்த கையெழுத்துப் பிரதி உங்களிடம் இருக்கிறது. படி எடுத்து வைக்காமல் தந்தது என் பிழை. அதைத் திருப்பித் தாருங்கள். எட்டாம் பக்கத்தில் அம்மா கேட்ட அந்தக் கேள்வியை, அன்று இரவே ஒரு துண்டில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து, அவ சொன்ன மாதிரியே எழுதியிருந்தேன். அந்தத் துண்டையும் அந்தப் பக்கத்தோடுதான் குத்தி அனுப்பினேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வலிகாமம்